சுப்பம்மாவின் கைமேல் விழுந்த பழி

என் சின்னம்மா சுப்பம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் உடனே "ரொம்பத் தைரியசாலி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைரியசாலி என்றால் படுத்ததும் தூங்க வேண்டாமா? சின்னம்மா ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியவள் இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலை எட்டிப் பார்ப்பாள். பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால் "என்னா, என்னாச்சு?" என்று எழுந்துவிடுவாள். அவள் செய்ததெல்லாம் அந்த இருப்புக்கொள்ளாமையில் செய்ததுதான். அதற்குத் தைரியம் என்று பேர் வைத்துவிட்டு நகர்ந்துபோவது சோம்பேறித்தனம்.

மலாயாவில், மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்குக்கு உள்ளே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள், வளர்ந்தாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள், காளிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்ததும், காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டு காட்டுக்காரர்களிடமிருந்து தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காளிமுத்து பால் வெட்டும் உளியை வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். மஸ்ஜித் தானா பக்கம் ஒரு தோட்டத்தில் காவல். தோட்டம் கொடுத்த அதே லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்த முனுசாமியும் அவரோடு சேர்ந்தார். மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே லாரியில் லீவுக்கு வந்து, ஒரே லாரியில் திரும்பிப் போவார்கள்.

காளிமுத்து போன கொஞ்ச நாளில் சின்னம்மா மழையில் சறுக்கி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிற்று, ஆனால் பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்க அந்தத் தோள் இடம் கொடுக்கவில்லை. தூக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் வீடு இல்லை. புருஷன் கான்ஸ்டபிளாக இருந்தாலும் அவருடைய பேர் இந்தத் தோட்டத்துக் கணக்கில் இல்லையே. இனி எங்கே போவது என்று அவள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கேட் வேலை வந்தது.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி, மருந்து எதுவும் போகக்கூடாது என்பதால் வேலைக்குப் போகிற எல்லாரையும் காலையில் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஆண்களைப் போலீஸ்காரன் தடவுவான். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டும். மற்ற பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். சின்னம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் தகரத்தால் ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் ஒவ்வொருத்தியாக வந்து கையைத் தூக்கி நிற்க, அவள் ரவிக்கை, இடுப்பு, மடி, கொண்டை என்று தடவிப் பார்த்து அனுப்புவாள்.

"அக்கா, கிச்சுக்கிச்சு மூட்டாத, அரிசி இருந்தா நானே குடுத்துர்றேன்" என்று சிரிப்பார்கள். அரிசி அகப்பட்டதே இல்லை. புகையிலை அகப்பட்டது, தலைவலித் தைலம் அகப்பட்டது. யார் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்பது புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் சின்னம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவளும் வாயைத் திறக்க மாட்டாள். அதனால்தான் கொஞ்ச நாளிலேயே அந்தக் கைமேல் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் காளிமுத்து காய்ச்சலோடு லீவில் வந்தார். அடிவயிற்றுக்குக் கீழே, சொல்லக் கூசுகிற இடத்தில், கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"சூடு புள்ள. நாளெல்லாம் லாரி எஞ்சின் மேல உக்காந்து வந்தா வேற என்னா வரும்?" என்றார்.

சின்னம்மா பார்த்தாள். கொத்தாகக் கொப்புளம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது அக்கிதான். அக்கிக்கு ஊசி மருந்தெல்லாம் கிடையாது. காவி மண்ணைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினால் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. லயத்தில் அதை எழுதத் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்தார். ஆனால் அந்த இடத்தை அவரிடம் காட்ட காளிமுத்து தயாராக இல்லை. ஆகவே சின்னம்மாவே கோழி இறகால் எழுதினாள். சிங்கம் வரவில்லை, பூனைதான் வந்தது. இருந்தாலும் இளநீரும் வெந்தயமும் உள்ளே போக, கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டின. பொருக்கு உதிர்வதற்குள்ளேயே அவர் அவளோடு படுத்தார். பூனையாக இருந்தாலும் வேலை செய்துவிட்டது என்று அவளுக்குப் பெருமை வேறு.

அவர் திரும்பிப் போன பிறகு அவளுக்கு வந்தது. காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டு, சிறுநீர் போனால் கண்ணில் தண்ணீர் வருகிற எரிச்சல். தோட்டத்து மருந்துச்சாலையில் ஊசி மருந்து போடுகிற டிரஸ்ஸர் சவரியப்பனிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவர் அதிகம் கேட்கவில்லை, பென்சிலின் போட்டார். அந்தக் காலத்தில் பென்சிலினுக்கு அடங்காத சீக்கே இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புண் ஆறிற்று. ஊசிக்கு நல்ல பேர். அடுத்த மாதம் அதே இடத்தில் முதலில் குறுகுறுத்தது, பிறகு மறுபடியும் கொப்புளம்.

சவரியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நா நெனச்ச சாமான் இல்லம்மா இது. ஊசிக்குக் கேக்கல. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, வெளிய போற பாஸ் நா வாங்கித் தரேன்."

மலாக்காவுக்குப் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் சாலைத் தடுப்பு, சோதனை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், அரை வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தமிழில் விளக்க பாட்ரீசியா என்ற நர்ஸ் இருந்தாள். தஞ்சோங் கிளிங் ஊர்ப் பெண், கல்யாணமாகாதவள். அந்தப் பெண் கூச்சமே இல்லாமல் பேசியதுதான் சின்னம்மாவுக்கு முதல் அதிர்ச்சி.

"அக்கா, இது அக்கி இல்ல. அக்கிக்குத் தூரத்துச் சொந்தம்னு வேணா வச்சிக்குங்க. இது வைரஸ். கிருமியிலயே ரொம்பப் பொடி சாதி. பென்சிலின் இத ஒண்ணும் பண்ணாது."

"ஆறிச்சேம்மா ஊசி போட்டதும்?"

"அது தானா ஆறும். ஊசி போட்டாலும் ஆறும், சும்மா இருந்தாலும் ஆறும். ஆறிட்டா போயிருச்சுன்னு இல்ல. ஒடம்புக்குள்ள நரம்புல போயி ஒளிஞ்சிக்கும். ஒடம்பு அசந்தா, மனசு கெட்டா, திரும்ப வரும். மொத தடவ மாதிரி அவ்வளவு வேதன இருக்காது."

சின்னம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நா பொம்பளைங்கள சோதிக்கிற வேலைல இருக்கேன். எங்கையால அவங்களுக்கு..."

"துணி மேல தடவுனா வராது. ஒரே பைப்புல குளிச்சா வராது, ஒரே கக்கூசுக்குப் போனா வராது. கொப்புளம் இருக்கிற தோலு இன்னொருத்தர் தோலோட ஒரசணும். படுக்கைல. அப்படித்தான் வரும். கொப்புளத்தத் தொட்டா மட்டும் சோப்பு போட்டுக் கைய கழுவுங்க, கண்ணுல வச்சிராதீங்க."

"அப்ப எனக்கு?"

பாட்ரீசியா அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தாள்.

"அவருக்கு யாருகிட்டேருந்துன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தியே வந்து ஒளிஞ்சிருக்கவும் முடியும். அத அவருகிட்டதான் கேக்கணும். இனிமே குறுகுறுப்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து பொருக்கு உதுந்து தோலு நல்லா மூடுற வரைக்கும் பாய் வேற வேற. அவருக்கு இருந்தாலும் சரி, ஒங்களுக்கு இருந்தாலும் சரி. பட்டாளத்துக்காரனுங்களுக்கு ரப்பர் உறை குடுக்கிறாங்க, அதப் போட்டா ஆபத்து கொறையும். உறை மூடாத எடத்துல கொப்புளம் இருந்தா அதுவும் உதவாது."

"எங்க தோட்டத்துப் பாலுல செஞ்சதா அது?"

"இருக்கும்லா" என்று சிரித்தாள் பாட்ரீசியா. சின்னம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியும் முன் எழுந்து மரம் மரமாக வெட்டியது இவர்கள், அந்தப் பாலில் செய்த பாதுகாப்பு மட்டும் இவர்கள் லயத்துக்கு வந்து சேரவே இல்லை.

இன்றைக்கு டாக்டர்கள் இன்னும் கூடச் சொல்கிறார்கள். கொப்புளமே தெரியாத நாளிலும் சில சமயம் ஒட்டிவிடுமாம். மாத்திரையும் வந்திருக்கிறது, அடக்கி வைக்கும், அகற்றாது. அதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? பாட்ரீசியா சொன்னதே சின்னம்மாவின் தலைக்குள் வண்டாகக் குடைந்தது.

அடுத்த லீவில் காளிமுத்து வந்தார். சின்னம்மா சோறு போடவில்லை, பாயும் போடவில்லை. "எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். சூடு என்றார். எஞ்சின் என்றார். அம்மாமேல் சத்தியம் செய்யப் போனார்.

"செத்துப்போன மனுசிய இழுக்காதீங்க. நா மலாக்காவுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பட்டணத்துல ஒரு வீடு. ரெண்டு மூணு தடவதான். நா மட்டுமா போனேன்? முனுசாமிதான் கூட்டிட்டுப் போனான்" என்றார்.

இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் ஒரு பக்கம். பக்கத்து வரிசையில் முனுசாமியின் பெண்டாட்டி மங்களம் ஒன்றும் தெரியாமல் துணி துவைத்துக்கொண்டிருந்தாளே, அது இன்னொரு பக்கம். சொன்னால் ஒரு குடும்பம் பற்றி எரியும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் வரும். சொல்லவா வேண்டாமா என்று சின்னம்மா வீட்டுக்கும் குழாயடிக்கும் நடையாய் நடந்தாள். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகக் கையைக் கழுவினாள். துணிமேல் தடவினால் வராது என்று நர்ஸ் சொன்னது மூளைக்கு ஏறியிருந்தது, மனசுக்கு ஏறவில்லை. ஒவ்வொருத்தியைச் சோதிப்பதற்கு முன்னும் பின்னும் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கை வெளுத்து, தோல் வெடித்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இவ எதுக்கு இப்பிடிக் கழுவுறா? டிரஸ்ஸர்கிட்ட ஏன் ஓடுனா? மலாக்காவுக்கு ஏன் போனா? குழாயடியில் அவள் துணியில் காவிக் கறை பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். காவி என்றால் அக்கி, அக்கி என்றால் தொட்டால் ஒட்டும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. யாருக்கும் எதுவும் வராமல் தடுக்கத்தான் அவள் அப்படிக் கழுவினாள். அந்தக் கழுவலே அவளைக் காட்டிக்கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து மங்களத்துக்குக் கொப்புளம் வந்தது. அவளுக்கு வந்த இடத்தைக் கேட்டதும் பெண்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தினமும் இடுப்பிலும் மடியிலும் தடவுகிற கை யாருடையது?

மறுநாள் காலை தகரத்துக்கு வெளியே பெண்கள் வாளிகளை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மங்களம் மட்டும் நின்றாள்.

"அவ கை எம்மேல படக்கூடாது. வேற ஆளு போடுங்க" என்றாள்.

சோதனை இல்லாமல் போலீஸ்காரன் கேட்டைத் திறக்க மாட்டான். வெயில் ஏறினால் பால் வராது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மணியம் சைக்கிளில் துரை பங்களாவுக்குப் போய்த் திரும்பினார். சின்னம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"துரை சொல்லிட்டாரு சுப்பம்மா. நாளைக்குக் காலைலயும் இப்பிடி உக்காந்தாங்கன்னா, டவுன்லேருந்து வேற பொம்பள வருவா. நீ வீட்டக் காலி பண்ணணும். நா என்னாம்மா செய்வேன்?"

அன்று பகல் முழுக்க அவள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். தோள் போனவளுக்கு இந்த வேலையும் போனால் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. நோய்க்காரி என்கிற பேர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி அவள் படுக்கையை எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டுகிற வழி.

விடிந்தது. பெண்கள் மறுபடியும் உட்காரப் போனார்கள். சின்னம்மா தகரத்துக்கு வெளியே வந்து, "எல்லாரும் உள்ள வாங்க. தொட மாட்டேன். ஒரு வார்த்த கேட்டுட்டு உக்காருங்க" என்றாள். இடிபட்டு உள்ளே வந்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு சீக்கு இருக்கு. பொய் சொல்லல" என்றாள் சின்னம்மா. வேகவேகமாகப் பேசினாள். "அக்கி இல்ல. காவி எழுதுனா போவாது, ஊசி போட்டாலும் போவாது. என் புருசன்கிட்டேருந்து எனக்கு வந்துச்சு. அவருக்கு டவுன்ல ஒருத்திகிட்டேருந்து வந்துச்சு. அவளுக்கு எந்த ஆம்பள குடுத்தான்னு தெரியாது. புண்ணு இருக்கிற நேரத்துல படுத்தா ஒட்டும். எங்கையிலேருந்து ஒங்க துணிக்கு வராது. அப்பிடி வர்றதா இருந்தா இந்த வரிசைல இருக்கிற அத்தன பேருக்கும் இந்நேரம் வந்திருக்கணும். வந்திருக்கா?"

ஒரு தோட்டத்துப் பெண் தன் புருஷனைப் பற்றி இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அடி வாங்கியதைச் சொல்வார்கள், குடித்துவிட்டு வந்ததைச் சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

"ஒங்க ஊட்டுக்காரருக்குக் கொப்புளமோ புண்ணோ இருந்தா, ஆறி முடியிற வரைக்கும் கிட்ட சேக்காதீங்க. ஒங்களுக்கு இருந்தாலும் அப்பிடித்தான். கையக் கழுவுங்க, கண்ணுல வைக்காதீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்ப போயி உக்காருங்க."

முனுசாமி பேரை அவள் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ராஜம்மா என்கிற நடுத்தர வயதுக்காரி முதலில் கையைத் தூக்கினாள். "சீக்கிரம் பாரு சுப்பம்மா. என் மரத்துல வெயில் வந்துரும்." பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லாரும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார்கள், ஆனால் நின்றார்கள். கடைசியில் மங்களம் தனியாக மிஞ்சினாள். கையைத் தூக்கினாள். சின்னம்மா வழக்கம்போலத் தடவி முடித்தாள். மங்களம் நகரவில்லை.

"அக்கா, ஒங்க ஊட்டுக்காரரு லீவுக்கு வர்ற லாரியிலதான் எங்காளும் வராரு."

"ஆமா."

"லீவுல இல்லாத நாள்ல ஊர் சுத்துறதும் ஒண்ணாத்தான்."

சின்னம்மா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாளித் தண்ணீரைப் பார்த்தாள். அதுவே மங்களத்துக்குப் போதுமானதாக இருந்தது. அழுவாள், கத்துவாள் என்று சின்னம்மா எதிர்பார்த்தாள். அவள் அடிக்குரலில் வேறொன்று கேட்டாள்.

"நாளைக்கு வராருக்கா. எனக்கு இன்னும் புண்ணு ஆறல. கிட்ட சேக்காதன்னு சொல்லிட்டீங்க. சேக்கலன்னா அடிப்பாரு. நா என்னா செய்யிறது?"

பாட்ரீசியா இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. எப்படி வரும், எப்படித் தடுக்கலாம் என்று விளக்கமாகச் சொல்லிவிடலாம். தடுக்கிற உரிமை யார் கையில் இருக்கிறது? அன்று பகலும் சின்னம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். மறுநாள் மாலை லாரி வந்து நின்றபோதுதான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. நேரே மங்களத்தின் வீட்டுக்குப் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். லீவில் வந்த காளிமுத்துவின் தலையணையைத் தூக்கி வெளியே வைத்தாள்.

"நீங்க இன்னிக்கு முனுசாமி வீட்டுல படுத்துக்குங்க."

"என்னா புள்ள வெளையாடுற?"

"சங்கு ஊதப் போவுது. சீக்கிரம் போங்க."

அந்தத் தோட்டத்தில் மாலைச் சங்கு ஊதிவிட்டால் விடியும் வரை ஊரடங்கு. யாரும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரோந்துக்காரன் ஆள் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். இது ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்குத் தெரியாததா? காளிமுத்து தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். முனுசாமி குளித்துவிட்டு வந்து பெண்டாட்டியைத் தேடி, விஷயம் புரிந்து, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சங்கு ஊதி முடிந்திருந்தது. இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலு எட்டு மண் தரைதான். அவர் தன் வாசற்படியிலேயே நின்று கத்தினார்.

"மங்களம், வெளிய வா."

உள்ளே மங்களம் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷனுக்கு எதிர்ப்பேச்சு பேசினாள்.

"வர முடியாதுங்க. ஊரடங்கு. வெளிய வந்தா சுட்டுருவாங்க."

முனுசாமி இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார். அதற்குள் ரோந்து விளக்கு வந்ததால் கதவைச் சாத்திக்கொண்டார். மங்களம் பாயில் விழுந்து, அசந்து தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு லீவு லாரி வருகிற மாலைகளில் சங்குக்கு முன்னால் தலையணையோடு சின்னம்மா வீட்டுக்கு ஓடி வந்தவள் மங்களம் மட்டுமல்ல. யார் யார் என்று சின்னம்மா எனக்குச் சொன்னதில்லை.

அந்த முதல் நாள் அவள் மட்டும் தூங்கவில்லை. மலாயாவில் எல்லாரும் இந்த அவசரகாலம் எப்போது ஒழியும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழிந்துவிட்டால் இவளை எங்கே ஒளித்து வைப்பது என்று, குறட்டை விடுகிற மங்களத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.